இழுப்பது மெஷின், நிறுத்துவது பெட்டி

இரண்டு சில்லு மெஷினான லேண்ட்மாஸ்டரைக் கராச்சுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் "இழுவை குறைஞ்சிட்டு" என்றுதான் வருவார்கள். பெல்ட்டைப் பார், நொசிலைப் பார், எயார் கிளீனரைக் கழுவு என்பார்கள். பின்னால் கொழுவி இழுக்கும் பெட்டியின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லித் தானாக வருகிறவர் அருமை. எனக்கு இந்த வேலையைப் பழக்கிய அண்ணன் ஒவ்வொரு அறுவடைக்கும் முன் இதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்: "இழுக்கிறதுக்குக் காசு செலவழிக்கிறானுகள் மனே. நிறுத்திறதுக்கு ஒருத்தனும் செலவழிக்கிறானில்ல."

எங்கள் ஊர் களுதாவளையின் தரையும் அதற்கொரு காரணம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கிற மணல் பூமி. எஞ்சினை அடக்கினால் போதும், சில்லு மணலில் அமர்ந்து மெஷின் தானே நின்றுவிடும். வெற்றிலைத் தோட்டத்துக்கு எருவும் கொடித்தடியும் ஏற்றுகிறவருக்குப் பிரேக் பெடல் கால் வைக்கும் கட்டை. ஆனால் அதே பெட்டிதான் மாசி, பங்குனியில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், பெரும்போக நெல்லை ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் இறங்குகிறது. பிறகு கல்முனை–மட்டக்களப்பு வீதியில் ஏறி, வேகமாக வரும் பஸ்களுக்கு நடுவே ஊருக்கு வருகிறது. எங்கள் ஊர் மணலில் பிடித்த பிரேக்கை நம்பி அந்தப் பயணம் போகக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 65 கிலோ மூடை இருபது ஏற்றினால் 1300 கிலோ. பெட்டியின் பாரம் வேறு. முன்னால் இழுக்கிற இரண்டு சில்லு மெஷின் பெரும்பாலும் அரைத் தொன்னுக்குள்தான் இருக்கும். சில சீன மெஷின்களில் கிளச் பிடியைக் கடைசி வரை இழுத்தால் ஒரு சின்னப் பிரேக் பிடிக்கும். அது வெறும் மெஷினை நிறுத்தி வைக்க உதவும், அவ்வளவுதான். பாரத்தை நிறுத்துவது சாரதி உட்காரும் பெட்டியின் அடியில் இருக்கிற இரண்டு ட்ரம் மட்டுமே. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஓட்டப் பழகும் தம்பிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பிரேக்கை அல்ல, பக்கக் கிளச்சை. சமதரையில் இடது பிடியை அமத்தினால் இடது சில்லு விடுபடும், வலது சில்லு தள்ளும், மெஷின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது கதை தலைகீழ். அப்போது எஞ்சின் சில்லுகளை ஓட்டுவதில்லை, அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பிடியை அமத்தினால் இடது சில்லு அந்தப் பிடியிலிருந்து கழன்று வேகமாக உருளும். மெஷின் வலப்பக்கம் பாயும். குளக்கட்டில் வலப்பக்கம் தண்ணீராக இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"அப்ப மாத்திப் பிடிச்சாச் சரிதானே அண்ணே" என்பார்கள். பதற்றத்தில் கை பழகிய பக்கத்துக்குத்தான் போகும். நல்ல வழி, இறக்கம் தொடங்குமுன் கீழ்க் கியருக்கு மாற்றிவிட்டு, பெட்டியின் பிரேக்கை மெதுவாக மிதித்துக்கொண்டே இறங்குவது. பெட்டி பின்னுக்குப் பிடிக்கும், மெஷின் முன்னுக்கு இழுக்கும், கொழுவி விறைப்பாக நிற்கும், பக்கக் கிளச்சும் வழக்கம்போல வேலை செய்யும். பெட்டியின் பிரேக் நிறுத்த மட்டும் இருக்கிறதல்ல. பெட்டியைப் பெட்டியாகப் பின்னாலேயே வைத்திருக்கவும் அதுதான் வேண்டும். அந்தக் காலத்து வண்டில் மாடு இறக்கத்தில் தானே பின்வாங்கிப் பாரத்தைத் தாங்கும். மெஷினுக்கு அந்தப் புத்தி கிடையாது.

இனிப் பிரேக்கை எப்படி வைப்பது. பெடலிலிருந்து குறுக்குத் தண்டு, அதிலிருந்து இரண்டு சில்லுக்கும் இரண்டு கம்பி. கம்பி இழுக்கிற சின்னக் கை ட்ரம்முக்குப் பின்னால் நிற்கும். அது திரும்பினால் உள்ளே கேமும் திரும்பி இரண்டு சூவையும் விரிக்கும். பாரத்தை இறக்கிவிட்டு, மெஷின் சில்லுக்குக் கட்டை கொடுத்து, பெட்டியின் அச்சை ஜக் வைத்துத் தூக்குங்கள். எங்கள் மணலில் ஜக்குக்கு அடியில் பலகை போடாவிட்டால் பெட்டி எழாது, ஜக்தான் இறங்கும். தூக்கியபின் அச்சுக்குக் குத்தி கொடுக்காமல் கீழே குனிய வேண்டாம். சில்லைக் கையால் சுழற்றிக்கொண்டே கம்பி நட்டை இறுக்கினால் ஒரு கட்டத்தில் சூ ட்ரம்மில் உரசும் சத்தம் கேட்கும். அங்கிருந்து, சில்லு உரசலின்றிச் சுழலும் வரை மட்டும் நட்டைத் தளர்த்துங்கள். மற்றச் சில்லுக்கும் அப்படியே. பிறகு ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் சில்லுகளைச் சுழற்றிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும். ஒன்று முந்தினால் பெட்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று, அந்தச் சின்னக் கையின் சாய்வு. பிரேக் பிடிக்கும் நேரத்தில் கையும் கம்பியும் மூலைமட்டம் வைத்தது போல நின்றால்தான் காலின் பலம் முழுக்க உள்ளே போகும். லைனிங் தேயத் தேயக் கம்பியை இறுக்கிக்கொண்டே போகிறவர்களின் பெட்டியில் கை முன்னுக்குச் சரிந்து படுத்துக் கிடக்கும். பெடல் உயரமாக இருப்பதால் பிரேக் நல்லதென்று நினைப்பார்கள். எவ்வளவு மிதித்தாலும் கேம் அதற்குமேல் சூவை விரிக்காது. கை சரிந்திருந்தால் நட்டைத் தொடாமல் ட்ரம்மைக் கழற்றிப் பாருங்கள். லைனிங் மாற்ற வேண்டியிருக்கும், அல்லது சீல் போய் கிறீஸ் இறங்கியிருக்கும். கிறீஸ் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கழுவின அன்றைக்குப் பிடிக்கும். ட்ரம் சூடேறினால் ஊறின கிறீஸ் வெளியே வரும்.

வட்டைக்குள் வேலை செய்கிற பெட்டிக்குச் சேறும் வைக்கோல் தும்பும் எதிரி. வாவிக்கரைப் பக்கம் போகிறதற்கு உப்பு. கம்பி முனையில் இருக்கும் சிறு ஆணிகள் துருவேறி இறுகினால், மிதித்த பிரேக் திரும்பி விடாது, ட்ரம் காய்ந்து மணக்கும். அந்த ஆணிகளுக்கு எண்ணெய் விடுங்கள். ட்ரம் பக்கம் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீருக்குள்ளால் வந்தால் கொஞ்சத் தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓடி லைனிங்கை உலர்த்திவிட்டு வீதிக்கு ஏறுங்கள். எல்லாம் வைத்து முடிந்ததும் வெற்றுப் பெட்டியோடு மணல் ஒழுங்கையில் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் இரண்டு ரயரின் இழுபட்ட தடமும் தெளிவாகத் தெரியும். இரண்டும் ஒரே நீளமா என்று அறிய மணல் நல்லது. பிரேக்கின் பலத்தை அறியப் பாரத்தோடு தார் றோட்டுக்குத்தான் போக வேண்டும்.

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஒருவன் கோடையில் ஒரு பயண வீட்டைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போவான். கட்டில், குசினி எல்லாம் உள்ள பெட்டி. அவன் இருக்கும் ஒன்ராறியோவில் 1360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள இழுவைப் பெட்டிக்குத் தனிப் பிரேக் கட்டாயம். வீடியோவில் எனக்குக் கழற்றிக் காட்டினான்: எங்களைப் போலவே ட்ரம்மும் சூவும்தான், கம்பிக்குப் பதில் மின்காந்தம். கரண்ட் போனால் காந்தம் சுழலும் ட்ரம்மில் ஒட்டி, ஒரு நெம்பை இழுத்துச் சூவை விரிக்கிறது. எவ்வளவு கரண்ட் என்பதைச் சாரதியின் பக்கத்தில் உள்ள சிறு பெட்டியில் வைக்க வேண்டும். வெறும் தட்டை றோட்டில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய், பெட்டியின் பிரேக்கை மட்டும் கையால் அமத்திப் பார்ப்பானாம். சில்லு இறுகி இழுபட்டால் குறைக்க வேண்டும், பிடி போதாவிட்டால் கூட்ட வேண்டும். இறுகுவதற்குச் சற்று முன்னே நிறுத்த வேண்டும். சாமான் ஏற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். பெட்டி பின்னால் வாலாட்டத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காமல் பெட்டியின் பிரேக்கை மட்டும் கையால் அமத்துவானாம். குளக்கட்டில் நாங்கள் செய்வதுதான்.

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. பெட்டி கழன்றால் ஒரு மெல்லிய வயர் ஆணியைப் பிடுங்க, பெட்டியில் இருக்கும் பற்றரியே பிரேக்கைப் பிடித்துவிடும். அதைவிட இரண்டு சங்கிலி. எங்கள் பக்கத்தில் கொழுவி ஆணி தொலைந்தால் கிடைத்த கம்பித் துண்டைச் செருகிவிட்டு ஓடுகிறோம். லேண்ட்மாஸ்டரில் சாரதி பெட்டியில் உட்கார்ந்து மெஷினின் பிடியைப் பிடித்திருக்கிறார். ஆணி துள்ளினால் மெஷின் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சரியான தடிப்பில் ஆணி, அதன் அடியில் பூட்டூசி, கூடவே ஒரு சங்கிலி. இந்தச் செலவு ஒரு மூடை நெல்லின் விலைக்கு வராது.

நான்கு சில்லு ட்ரக்டர்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயலில் சட்டென்று திரும்புவதற்காக இடது வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும். றோட்டுக்கு ஏறுமுன் இரண்டையும் சேர்க்கும் கொளுக்கியைப் போடுங்கள். பாரம் ஏற்றிய பெட்டியோடு ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் ட்ரக்டர் சுழன்று பெட்டிக்குக் குறுக்கே மடியும்.

கடைசியாக, லேண்ட்மாஸ்டரில் நடு இறக்கத்தில் பிரேக் விட்டுவிட்டால் கிளச்சைத் தொடாதீர்கள், நியூட்ரலுக்கும் போகாதீர்கள்; எஞ்சின்தான் அப்போது மிச்சமிருக்கிற பிரேக். அக்சிலேற்றரை முழுக்க மூடி, பக்கப் பிடிகளை விட்டு, கையால் தள்ளியே மெஷினை நேராக வைத்துக்கொண்டு, இளக்கமான மண் இருக்கும் கரையில் ஒரு சில்லை ஏற்றுங்கள். பெட்டியில் ஆட்கள் இருந்தால் குதிக்க விடாதீர்கள், மூடைகளைப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.