பாவு போன்றோர்

நம் ஆரணிப் பட்டிற் சரிகைப் பூவே கண்ணைக் கவரும். அதனைத் தாங்கும் பாவினை நாம் கருதுவதில்லை. இசைக் குழுவிற் கீபோர்டு வாசிப்போர் நிலையும் அத்தகையதே. சான்றாக ஒரு வரலாறு கூறுவோம்.

1967-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர் திலீப்குமார். தந்தையார் ஆர். கே. சேகர், மலையாளப் படங்களிற் பிறர் மெட்டுக்கும் வாத்திய இசை கோத்து உழைத்தவர், 1976-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பின்னர்ச் சிறுவரும் பள்ளியைத் துறந்து, இளையராஜா முதலியோர் குழுக்களிற் கீபோர்டு வாசித்துப் பொருளீட்டலானார். பிறர் பாட்டைத் தாங்கிய அவ்வாண்டுகளே அவருக்குக் கல்லூரியாயின. 1992-இல் 'ரோஜா' அவரை ஏ. ஆர். ரகுமானாக நாடறியச் செய்தது. 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்றார்.

மைந்தர் புகழெய்தினார், தந்தையாரைப் பலர் அறியார். எனினும், மாணவ நண்பர்காள், கண்ணிற்படாத பாவும் பட்டே என்பதை மறவாதிருப்போமாக.