வெள்ளைப் பீங்கான் முன் நிற்கப் பழகுங்கள்

சீன அரண்மனைக்காகச் செய்த வெள்ளைக் கிண்ணத்தை முதன்முறை பார்ப்பவர்கள், ‘வெறும் கிண்ணம்தானே’ என்று அடுத்திருக்கும் நீலப்பூ ஜாடிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நகராமல் நிற்க விரும்பும் இளையவர்களுக்குச் சில சொற்கள்.

1. வெள்ளை ஒரே நிறமல்ல. வடக்கே ஹெபெய்யில் சோங் காலத்துத் திங் சூளைகளில் நிலக்கரி எரித்தார்கள். காற்று தாராளமாகப் புகுந்ததால், மண்ணிலிருந்த துளி இரும்பு மெருகுக்குத் தந்தத்தின் மஞ்சள் சாயலைத் தந்தது. தெற்கே ஜிங்தெஜென்னில் விறகு எரித்து, காற்றை அடக்கிச் சுட்டார்கள்; அதே இரும்பு அங்கே இளநீலம் காட்டியது.

2. திங் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் அங்கே மெருகு இருக்காது. அதை மறைக்கச் செம்பு, வெள்ளி, தங்கப் பட்டை கட்டினார்கள். வெளிப்புறத்தில் மெருகு வழிந்து உறைந்த கோடுகளைச் சீனர்கள் ‘கண்ணீர்த் தடம்’ என்பார்கள். அதைக் குறை என்று எண்ணிவிடாதீர்கள். திங்கில் என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

3. மிங் பேரரசர் யோங்லெ காலத்து (1402–1424) ‘இனிப்பு வெள்ளை’க்கு அதிக நேரம் கொடுங்கள். பெயர் பிற்கால மிங் எழுத்தாளர்கள் வைத்தது. சர்க்கரையின் வெண்மை அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறது. மண்ணில் இரும்பு மிகக் குறைவு, மெருகில் சுண்ணாம்பும் குறைவு. மெருகுக்குள் நுண்குமிழிகள் தங்கி ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடிபோல் கூசாமல் மெத்தென்று தெரியும். ஜிங்தெஜென்னின் ஜூஷானில் அரசுச் சூளையைத் தோண்டியபோது, யோங்லெ ஆட்சியின் தொடக்ககால மண்ணடுக்கில் கிடைத்த பீங்கானில் 98 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளை.

4. யோங்லெ வெள்ளையில் பலவற்றில் மெருகுக்கு அடியில் தாமரையோ டிராகனோ மறைந்திருக்கும். நேரே பார்த்தால் தெரியாது; ஒளி சாய்வாக விழ வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை நம்மால் திருப்ப முடியாது. நாம்தான் குனிய வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும். கூச்சப்படாதீர்கள்.

5. அடியிலுள்ள முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். யோங்லெ வெள்ளையை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜிங்தெஜென்னில் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

6. 2007-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 3 டாலருக்கு வாங்கிய திங் கிண்ணம், 2013 ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. இதைக் கேட்டுப் பழம்பொருள் சந்தைக்கு ஓடாதீர்கள். லண்டன் போனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95-ஆம் அறைக்கு, பெர்சிவல் டேவிட் சீனப் பீங்கான் சேகரிப்புக்குப் போங்கள். ஒரே ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள்.