சாதாரண தரத்துக்குப் பிறகு எந்தப் பக்கம்?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் லயத்துப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். பக்கத்து வீட்டு அண்ணன் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறான், அங்கே ஆள் கேட்கிறார்களாம். சித்தியின் மகள் கட்டுநாயக்காவில் கார்மென்ட்டில் இருக்கிறாள், அறையில் இன்னொருத்திக்கு இடமிருக்கிறதாம். மாமா, மேசன் பாஸிடம் கையாளாகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். அடுத்த சம்பள நாளுக்குள் பிள்ளை பையைக் கட்டியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதிர்காலத் திட்டமே கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1990களில் இங்கிலாந்தில் பில் ஹொட்கின்சன், அன்ட்ரூ ஸ்பார்க்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பள்ளியை முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போன பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கேயும் எவரும் எல்லாத் தொழில்களையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுத் தெரிவு செய்யவில்லை. தாங்கள் கண்ணால் கண்ட வேலையை, நம்பிக்கையான ஒருவர் சொல்லைக் கேட்டு எடுத்தார்கள். அது புத்தியில்லாத காரியமல்ல, கையிலிருக்கும் தகவலுக்கு ஏற்ற நடைமுறைப் புத்திதான் என்பது அவர்கள் முடிவு. குறை வேறிடத்தில் இருந்தது. கண்ணுக்கு எட்டாத தொழில் தெரிவுப் பட்டியலுக்கே வராது.

ஆகவே மாமாவின் பேச்சைத் தள்ளிவிடச் சொல்லி நான் எழுதவில்லை. அவர் சொல்லும் வேலைக்குப் பக்கத்தில் இன்னும் சிலவற்றை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: அங்கே ஆறு மாதம் போனபின் பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கும்?

ஏன் இந்தக் கேள்வி? ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் இருவரும் 1991 இல் வெளியிட்ட நூலொன்றில் இரண்டு தொழிலிடங்கள் வருகின்றன. ஒன்று, மேற்காபிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களின் கடைகள். அங்கே பழகவரும் பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். பிறகுதான் தையல். துணி வெட்டுவது கடைசியில். உடை உருவாகும் வரிசைக்கு இது நேர் தலைகீழ். ஆனால் காரணம் இருக்கிறது. பொத்தான் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம், வெட்டுப் பிழைத்தால் துணியே போச்சு. அதற்குள் முழு உடையும் எப்படிச் சேர்கிறது என்பதை அவன் பார்த்து முடித்துவிடுவான். மற்றது அமெரிக்காவில் இறைச்சி வெட்டப் பழகிய இளைஞர்கள். அவர்களைப் பெரிய கடைகளில் பொதிசுற்றும் இயந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். வெட்டுகிற மேசை அவர்கள் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. நாள் முழுக்கக் கடையில்தான் நின்றார்கள், தொழில் மட்டும் கைக்கு வரவில்லை.

நம் பிள்ளைகள் பலருக்கு நடப்பது இந்த இரண்டாவது கதை. மேசன் பாஸின் கையாள் ஐந்து வருடம் சீமெந்து குழைத்துச் சுமந்து, மட்டப்பலகையைத் தொடாமலே இருக்கலாம். இன்னொரு பாஸ் ஆறாம் மாதமே பூச்சு வேலைக்கு ஒரு சின்னச் சுவரைக் கொடுத்துப் பார்ப்பார். நாட்கூலி இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும், தொழில் ஒன்றல்ல. ஆகவே பாஸிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். முன்னால் இருந்த கையாள் இப்போது எங்கே, என்ன செய்கிறான் என்று கேளுங்கள். புறக்கோட்டைக் கடைக்கும் அதே கேள்விதான். கணக்கும் கொள்முதலும் பழக்குகிற முதலாளிகள் இருக்கிறார்கள், மூட்டை தூக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் ஆள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி அரசாங்கப் பயிற்சிப் பக்கம். இங்கே இரண்டு வழிகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வகுப்பறையும் பட்டறையும் உள்ள நிலையத்துக்குப் போவது. ஹட்டனில் சௌமியமூர்த்தி தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகார சபைக்கும் நிலையங்கள் உள்ளன. மற்றது நைட்டா என்று எல்லோரும் சொல்லும் பயிலுநர் அதிகார சபை. 1971 இல் பயிலுநர் சபையாகத் தொடங்கியது அது. அதன் பயிலுநர் முறையில் பிள்ளை நேராக ஒரு கராஜிலோ ஹோட்டலிலோ தொழிற்சாலையிலோ சேரும். தொழில் வழங்குநருடன் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். முடிவில் சோதனையும் சான்றிதழும் உண்டு.

நிலையத்தில் மின்சாரச் சுற்றை அவிழ்த்துப் பார்க்கலாம், பிழைவிடலாம், யாரும் ஏசமாட்டார்கள். ஆனால் அவசரமும் வாடிக்கையாளரும் அங்கே இல்லை. வேலைத்தளத்தில் அவை இரண்டும் இருக்கும், பழக்கிவிட நேரம்தான் இருக்காது. கைக்காசுக்கு நெருக்கடியுள்ள வீட்டுக்குப் பயிலுநர் முறை ஓரளவு பொருந்தும், சிறு கொடுப்பனவாவது வரும். கணிதம், விஞ்ஞானத்தில் தடுமாறிய பிள்ளைக்கு நிலையம் நல்லது, அடிப்படையை மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். எதில் சேர்ந்தாலும், பாடம் எந்த மொழியில் நடக்கும் என்பதை விண்ணப்பம் நிரப்புமுன் நேரில் போய்க் கேளுங்கள். விளம்பரம் தமிழில் இருப்பதால் விரிவுரையும் தமிழில் இருக்கும் என்று எண்ணி, இடையில் நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று சேரும். பாதையிலிருந்து உள்ளே தள்ளிய தோட்டத்துப் பிள்ளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே பாடநெறியைத் தீர்மானிக்கிறது. நல்ல நிலையத்தில் விடுதி இல்லை, சுமாரான நிலையத்தில் விடுதி இருக்கிறது என்றால், நான் இரண்டாவதையே சொல்வேன். முடிக்காத நல்ல படிப்பைவிட முடித்த சுமாரான படிப்பு மேல்.

சான்றிதழ் என்றால் எந்தச் சான்றிதழ்? என்விகியூ எனப்படும் தேசிய தொழில்சார் தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நாலாம் மட்டம் வரை தொழிற்சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையில் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை இந்த ஏணி போகிறது. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கும் கீழ்ப்படி திறந்தே இருக்கிறது. நகரத்துத் தனியார் நிலையங்கள் மாட்டித்தரும் பட்டுநாடா டிப்ளோமாவுக்கு இந்த ஏணியில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் அந்தப் பாடநெறிக்கே தர அங்கீகாரம் வேண்டும். காசு கட்டுமுன் பதிவு, அங்கீகாரம் இரண்டின் இலக்கங்களையும் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடலாம்.

உயர்தரத்தை நான் பின்னால் வைத்தது குறைத்து மதிப்பிட அல்ல. பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது, அது நம் பிள்ளைகளுக்குச் சாதகம். விஞ்ஞானம், கணிதம் படிக்க வசதியுள்ள பாடசாலை எட்டினால், அந்த இரண்டு வருடத்துக்கு வீடு பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான் இருக்கிறது, அதனால் கலை என்று சேர்வது வேறு கதை. அது தெரிவே அல்ல. 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

உயர்தரம் முடித்தவர்களுக்குக் கொட்டகலை, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஒரு நல்ல மாதிரி. ஜெர்மன் உதவியோடு மலையகத்துக்கென்று எழுந்தது. இரண்டு வருடம் விடுதிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் நேரடியாகக் கற்பித்தல். பொத்தானிலிருந்து வெட்டு வரை படிப்படியாகப் போகும் ஏற்பாடு என்பேன். இதோடு ஒப்பிடுங்கள்: பத்து வருடத்துக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபாவுக்கு நேரே வகுப்பறையில் விடப்பட்டார்கள், பயிற்சி பிறகு வந்தது. வேலை உடனே கிடைத்தது என்னவோ உண்மை. அந்த வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பதை அவர்களிடமே கேட்கலாம், எல்லாத் தோட்டத்திலும் ஒருவராவது இருப்பார்.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல் என்று தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பது முழுக்க நுட்பமான வேலை. இன்றைய கொழுந்துக்கு எவ்வளவு நேரம் நொதிக்கவிட வேண்டும் என்பதை டீ மேக்கர் மூக்கால் அறிகிறார். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, பக்கத்தில் நின்றுதான் வாங்க வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தோடு சேர்த்துப் படிக்கத் தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், அத்துருகிரியவில் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனமும் இருக்கின்றன. செக்ரோலில் பேர் பதிந்து மலைக்குப் போவதும் தொழிற்சாலை உத்தியோகத்தராக மாதச் சம்பளத்துக்கு வருவதும் ஒரே தோட்டத்தில் நடக்கும் இரு வேறு வாழ்க்கைகள். பெற்றோர் தோட்டத்தை விட்டு ஓடு என்று சொல்வதன் நியாயம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஓடுமுன் தொழிற்சாலைக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அண்ணனுக்கு. கொழும்பு ஹோட்டல் குசினியில் பல வருடம், அல்லது வயரிங் வேலையில் பல வருடம் இருந்தும் கையில் ஒரு கடதாசிகூட இல்லாதவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை நிரூபித்து என்விகியூ எடுக்கலாம். வேலை செய்த இடத்துக் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் நேர்முகம் நடத்தி, செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். முதலாளியிடம் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். சண்டை பிடித்துக்கொண்டு விலகிய பிறகு யாரும் எழுதித் தரமாட்டார்கள்.