.270-ஆ, .280-ஆ, .30-06-ஆ? முதலில் சன்னத்தைப் பாருங்கோ

கனடாவில் முதல் துவக்கு வாங்கப்போகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் நவம்பர் மான் சீசன் நெருங்கினால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, .270 நல்லதோ, .280 நல்லதோ, இல்லாட்டி .30-06 எடுக்கட்டோ?" கடைக்காரரிடம் கேட்டால் அரை மணித்தியாலம் விளக்குவார். என் பதில் சின்னது. மூன்றில் எதை எடுத்தாலும் மான் விழும். அது எப்படி விழும், இறைச்சி எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் ரவையின் பெயரில் இல்லை. அதன் நுனியில் இருக்கிற சன்னத்தில்தான் இருக்கிறது.

மூன்றும் ஒரே குடும்பம். .30-06 அமெரிக்க இராணுவத்துக்காக 1906இல் வந்தது. அந்த ரவையின் பித்தளைக் கோதின் வாயை ஒடுக்கி 1925இல் வின்செஸ்ரர் .270ஐக் கொண்டுவந்தது. 1957இல் ரெமிங்ரன் .280ஐ விட்டது. கோதின் அடி மூன்றிலும் ஒரே அளவு, 12 மில்லிமீற்றர். சன்னத்தின் விட்டம்தான் வேறு: .270க்கு 0.277 அங்குலம், .280க்கு 0.284, .30-06க்கு 0.308. அதாவது பெயரில் இருக்கிற எண்ணும் சன்னத்தின் அளவும் எப்போதும் பொருந்தாது.

வேகத்தைப் பாருங்கோ. சன்னத்தின் எடையை கிறெயினில் சொல்வார்கள், 15.4 கிறெயின் ஒரு கிராம். சாதாரணக் கடை ரவையில் .270இன் 130 கிறெயின் சன்னம் செக்கனுக்கு 3,060 அடி போகும். .280இன் 140 கிறெயின் 3,000 அடி, .30-06இன் 150 கிறெயின் 2,910 அடி. இவற்றின் குட்டைத் தம்பி .308, 1952இல் வந்தது. அதே 150 கிறெயினை 2,820 அடியில் அனுப்பும். .30-06க்கும் .308க்கும் இடையில் 90 அடிதான். 100 யாரில் குறி சரிபார்த்து 200 யாரில் சுட்டால் இரண்டும் விழும் இடத்துக்கு ஒரு விரல் அகல வித்தியாசமும் வராது. ஒன்ராறியோப் பற்றைக்காட்டில் பெரும்பாலும் நூறு யாருக்குள்தான் மான் தெரியும். இதற்காகவா சாப்பாட்டு மேசையில் சண்டை?

வித்தியாசம் உண்மையில் தெரிகிற இடம் உங்கள் தோள். 8 இறாத்தல் துவக்கில் .30-06இன் 180 கிறெயின் ரவை ஏறக்குறைய 20 அடி-இறாத்தல் உதைக்கும். .308 கோதிலிருந்து 1980இல் பிறந்த 7 மில்லிமீற்றர்-08உம், 2007இல் வந்த 6.5 கிறீட்மோரும் 12, 13 அளவில் நிற்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவருக்கு எந்தப் பெரிய ரவையும் உதவாது. மெல்லிய உடம்புள்ள தங்கச்சிமாருக்கு நான் சொல்வது 7 மில்லிமீற்றர்-08. "அது பொம்பிளைகளின்ர ரவை" என்று யாராவது அண்ணன்மார் சிரித்தால் சிரிக்கட்டும். சுவீடனில் தலைமுறை தலைமுறையாக 6.5 மில்லிமீற்றர் ரவையால்தான் மூஸ் விழுத்துகிறார்கள்.

.280ஐப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நல்ல ரவை, ஆனால் ஜாதகம் சரியில்லாத பிள்ளை. 1979இல் அதற்கு 7 மில்லிமீற்றர் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். வாங்குகிறவர்கள் அதை 7 மில்லிமீற்றர் மக்னம் என்ற வேறு ரவையோடு குழப்பினார்கள், 1981இல் திரும்பவும் .280 ஆனது. இன்றைக்கும் சின்ன ஊர்க் கடையில் .308உம் .30-06உம் .270உம் தட்டில் இருக்கும், .280ஐத் தேடவேண்டி வரும். மூன்று மணித்தியாலம் ஓடி வடக்கே போய், ரவைப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டதைக் கண்டுபிடிக்கிறவருக்கு இந்த விஷயம் உடனே விளங்கும்.

.280க்கும் .270க்கும் இடையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. .280 ரவை .270 துவக்குக்குள் போய்விடக்கூடாது என்று ரெமிங்ரன் கோதின் தோளை 0.050 அங்குலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. மறுபக்கம் அப்படிப் பூட்டு இல்லை. .270 ரவை .280 துவக்குக்குள் போகும், சுட்டால் கோது வெடிக்கலாம். மேசையில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்துப் பார்க்கவும் ஏலாது. ரவையைத் தலைகீழாகத் திருப்புங்கோ. பித்தளை அடியில், நடுவிலுள்ள பிறைமரைச் சுற்றி வட்டமாகப் பெயர் பொறித்திருக்கும். அதைக் குழலில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கோ. இரண்டு துவக்கு உள்ள வீட்டில் ஒரு ஜக்கெற்றுக்கு ஒரு வகை ரவைதான். சீசன் முடிந்ததும் எல்லாப் பொக்கெற்றையும் வெளியே இழுத்துக் கொட்டுங்கோ, போன வருடத்து ரவை அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

இனிச் சன்னம். ஆகச் சாதாரணமானது, ஈயத்துக்கு மேல் செப்பு உறை போட்ட மென்முனைச் சன்னம். ரெமிங்ரனின் கோர்-லொக்ற் 1939இலிருந்து இந்த வகைதான். உடம்பில் பட்டதும் நுனி காளான்போல விரியும். வெள்ளைவால் மானுக்கு இது தாராளம், பெட்டியும் மலிவு. ஆனால் வேகமான ரவையில் மெல்லிய உறைச் சன்னத்தைப் போட்டு நாற்பது யாரில் தோள் எலும்பில் அடித்தால் அது துண்டு துண்டாகச் சிதறும். தோலை உரிக்கிறபோது முன்சந்து முழுக்க இரத்தம் கட்டிக் கறுப்பாக ஜெலிபோல இருக்கும். அந்த இறைச்சியைக் கறிக்கு எடுக்கமுடியாது, வெட்டி எறியவேண்டியதுதான். அதனால் கிட்டவாகச் சுடுகிறவர்கள் ஒரு படி பாரமான, கொஞ்சம் மெதுவான சன்னத்தை எடுப்பது புத்தி: .270இல் 150, .30-06இல் 180.

மூஸுக்கு வேறு கணக்கு. 1946இல் ஜோன் நொஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். வேகமான .300 ரவையால் சுட்டும் சன்னம் உள்ளே போகாமல் மேலேயே உடைந்தது. வீட்டுக்கு வந்து, சன்னத்தின் நடுவில் செப்பாலேயே ஒரு சுவர் வைத்துச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948இலிருந்து விற்பனைக்கு வந்த அந்தப் பாட்டிஷன் சன்னத்தில் இன்றைக்கும் மூன்றில் இரண்டு பங்கு எடையாவது பொதுவாக மிஞ்சும். 180 கிறெயின் பாட்டிஷன் போட்ட .30-06ஐக் கொண்டு மூஸுக்குப் போகிறவரிடம் நான் வேறொன்றும் கேட்கமாட்டேன்.

.270 வாங்க நினைக்கிறவர்கள் இதையும் யோசியுங்கோ. அதற்குக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 130, 140, 150தான். .30-06க்கு 110இலிருந்து 220 வரைக்கும், .280க்கு 120இலிருந்து 175 வரைக்கும் இருக்கிறது. இதற்குக் காரணம் குழலின் முறுக்கு. பழைய .270 குழலின் வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். நீளமான பாரச் சன்னத்தை அது நேராக நிறுத்தாது. அதே 0.277 விட்டத்தில் 165, 175 கிறெயின் சுடவேண்டும் என்றுதான் 2021இல் முறுக்கைக் கூட்டி 6.8 வெஸ்ரேர்ண் என்ற புது ரவையையே விட்டார்கள். மானுக்கு மட்டும் என்றால் .270இன் 130 போதும். மானோடு மூஸும் கரடியும் என்றால் .30-06.

முழுச் செப்புச் சன்னத்தைப் பற்றி வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கோ. ஈயச் சன்னம் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் இறைச்சிக்குள் போகும். 2008இல் வட டக்கோட்டா மாநிலத்தில் தானமாகக் கொடுத்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத்துகள் இருந்ததால் உணவு வங்கிகளிடம் அதைக் கொடுக்கவேண்டாம் என்று சொன்னார்கள். கலிபோர்னியாவில் கொண்டோர்க் கழுகுகள் ஈயத்தால் செத்ததால் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயச் சன்னமே கூடாது. பார்ன்ஸ் போன்ற கம்பனிகளின் செப்புச் சன்னம் பூப்போல விரிந்தாலும் எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சும். விலை கூடத்தான். கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிற வீடு என்றால் அந்தக் காசைக் கொடுங்கோ. ஒரு விஷயம்: செப்பு ஈயத்தைவிட இலேசு, அதனால் அதே எடையில் சன்னம் நீளும். ஈயத்தில் 180 எடுக்கிறவர் செப்பில் 150 அல்லது 165 எடுக்கலாம். வேகம் 2,000 அடிக்குக் கீழே விழுந்தால் அது சரியாக விரியாமலும் போகலாம், தூரத்துக்கு ஆசைப்படாதேங்கோ.

நுனியின் நிறத்தைப் பார்த்து வாங்குகிற பழக்கத்தை விடுங்கோ. ஹோர்னடிக் கம்பனியின் சிவப்பு நுனி, மானுக்கான இ.எல்.டி-எக்ஸிலும் இருக்கும், கடதாசி இலக்குக்கான இ.எல்.டி மாட்சிலும் இருக்கும், நரி எலிக்கான வி-மாக்ஸிலும் இருக்கும். மாட்சுச் சன்னம் ஒருமுறை ஊசிபோலப் போகும், இன்னொருமுறை மேலேயே வெடிக்கும். மிருகத்துக்கு அது பாவம். பெட்டியில் இருக்கிற பெயரை முழுதாக வாசியுங்கோ.

வாங்குகிற நேரத்தில் துவக்கு லைசனைக் கையில் வைத்திருங்கோ. கனடாவில் ரவைக்கும் அது வேண்டும். தென் ஒன்ராறியோவின் பல வேட்டைப் பகுதிகளில் மானுக்கு றைஃபிளே கூடாது, ஷொட்கன்தான். உங்கள் பகுதியின் விதியைப் பார்த்தபிறகு கடைக்குப் போங்கோ. இரண்டு மூன்று வகைச் சன்னத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கி ரேஞ்சில் சுட்டுப் பாருங்கோ. எது ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதோ, அதில் நாலு பெட்டி ஒரே லொட் எண்ணில் எடுங்கோ. 150 கிறெயினே என்றாலும் கம்பனி மாறினால் குறி மாறும். கடைசிப் பெட்டி திறக்கமுதல் அடுத்த வருடத்துக்கு வாங்கி வைத்தால், சீசனுக்கு முதல் கிழமை அரக்கப்பரக்க ரேஞ்சில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.