எச்சரிக்கையைச் சோதிக்குமாறு

கணிப்பொறி நிரலைத் தொகுக்குமுன், தொகுப்பி எவ்வாணைகளை ஏற்கும் என்று ஆராய்ந்தறியும் கருவிகள் சில உள. 1991-இல் டேவிட் மெக்கென்சி என்பார் தொடங்கிய ஆட்டோகான்ஃப் அவற்றுள் ஒன்று. அதன்வழி ஆக்கப்படும் ஆய்வுநிரல், சிறு நிரலொன்றை ஓர் ஆணையுடன் தொகுத்துப் பார்க்கும். பிழையின்றி முடியின் அவ்வாணை ஏற்புடைத்தென்று கொள்ளும்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. ஜிசிசி என்னும் தொகுப்பி, 'இன்ன எச்சரிக்கை வேண்டா' என்னும் எதிர்மறை ஆணையைத் தான் அறியாதவிடத்தும் வாளா ஏற்கும். பின்னர் வேறு பிழையோ எச்சரிக்கையோ நேருங்காலத்து, அவ்வாணையை அறியேன் என்று அதனோடு சேர்த்து உரைக்கும். ஆகவே சோதனையில் தேறிய ஆணை, உண்மைப் பிழையைத் தேடுவாரை மயக்கும். கிளாங் என்னும் தொகுப்பியோ, அறியாத ஆணைக்கு எச்சரிக்கை மட்டுங் கூறி வெற்றியென முடிக்கும்.

பரிகாரம் யாதெனின், ஜிசிசியிடத்து அவ்வாணையின் உடன்பாட்டு வடிவையே சோதித்தல் வேண்டும். அதனை அறியாவிடின் அது பிழையென்று நின்றுவிடும். தேறினாலன்றி எதிர்மறையை வழங்கலாகாது. கிளாங்கிற்கோ, அறியாத எச்சரிக்கையாணையைப் பிழையெனக் கொள்ளுமாறு முன்னரே பணித்தல் வேண்டும்.

மௌனம் சம்மதம் என்பது உலக வழக்கு. சோதிப்பார்க்கு அது பொருந்தாது. இல்லை என்று சொல்லக்கூடிய வினாவை வினவினாலன்றி, ஆம் என்னும் விடைக்கு மதிப்பில்லை என்றறிக.