ராமேஸ்வரம் போவோமா? முதலில் நோட்டைத் திறப்போம்

சித்திரைத் திருவிழா முடிந்ததும் கே.கே. நகர்ப் பக்கத்துக் குழுக்களில் ஒரே பேச்சு: "எங்கயாவது கோயில், குளம்னு போயிட்டு வருவோமேக்கா!" நல்ல பேச்சுதான். வருஷம் பூராவும் வீடு, வேலை, வசூல் என்று ஓடும் நாம் மூன்று நாள் வெளியே போய் வந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் திரும்பி வந்து கடனோடு உட்காரக்கூடாது.

போன முறை என்ன செய்தோம்? முதலில் வேனைப் பேசினோம். பிறகு பத்தே நாள் கெடு வைத்துத் தலைக்கு 3000 ரூபாய் கேட்டோம். ஒரு அக்கா யாரிடமும் சொல்லாமல் வெளியில் 5 வட்டிக்கு வாங்கிக் கட்டினார். மாதம் 150 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் 1500 ரூபாய் போனது. அசல் அப்படியே நின்றது. குழுச் சேமிப்பும் விட்டுப்போனது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கெடு வைத்தது நாம்தானே!

அதனால் இந்த முறை சேமிப்பு முதலில், வேன் பிறகு. வாரம் 75 ரூபாய் வீதம் 40 வாரம் கட்டினால் அதே 3000 ரூபாய் சேர்ந்துவிடும். இதற்குத் தனி நோட்டு, தனி வசூல். சுற்றுலாவுக்கு உள்கடன் வேண்டாம். பொதுப் பணத்தை இதற்கு எடுத்துவிட்டால், ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவுக்குக் கேட்டு வருகிற உறுப்பினருக்கு என்ன பதில் சொல்வது? நடுவில் ஒருவர் வரவில்லை என்றால், வேனுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு வரை அவர் கட்டியதை முழுசாகத் திருப்பித் தர வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதுங்கள்.

இனி வழி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் எட்டு, எட்டரைக்குள் சேரலாம். பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் தாமதம் கூடாது. முதலில் கடலில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணிப் பை தனியாக இருக்கட்டும். தீர்த்தக் கிணற்றுப் பக்கம் தரை வழுக்கும். முட்டிவலி உள்ளவர்களோடு ஒருவர் கூடவே நடக்கட்டும். மத்தியானம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவர்களைப் பார்த்தால் பேச்சு வராது. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது.

மறுநாள் அதிகாலை ஸ்படிகலிங்க தரிசனம். பிறகு தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். மூன்றாம் நாள் கன்னியாகுமரி. அங்கே காலையிலேயே படகு வரிசையில் நின்றுவிடுங்கள். 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்திருக்கிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். அதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம்.

மொத்தம் 700 கி.மீ.-க்கு மேல் வரும். வேன் பேசும்போது வாடகை கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு? எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வண்டி என்று வெள்ளை போர்டு வேனில் வாடகைக்குப் போனால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

வெளிப்படையாகப் பேச வேண்டிய இன்னொன்று. மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், இரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. நாள் குறிக்கும்போதே எல்லாரையும் கேட்டுக் குறித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

75 ரூபாயும் முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட வேண்டாம். முருகனின் ஆறுபடை வீடுகளில் திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் நம் மதுரையிலேயே இருக்கின்றன. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, அழகர்கோயில் மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பலாம். அந்தப் பயணத்துக்கு மற்றவர்களும் வர வேண்டும்.

வருகிற கூட்டத்துக்கு ஒரு புது நோட்டு வாங்கி வாருங்கள். வரவு, செலவு இரண்டையும் இரண்டு பேர் கையெழுத்தோடு எழுத ஆரம்பிப்போம்.