முன்னால் போனவரைக் கேளுங்கள்

எங்கள் மையத்துக்கு ஓர் அம்மா வருகிறார். பகலில் செங்கல் சூளையில் வேலை. இரவில் படிப்பு. ஒரு நாள் பாடம் முடிந்தது. எல்லோரும் போனார்கள். அவர் மட்டும் நின்றார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டா. காலேஜுக்குப் போகணும்னு அழறா. நாங்க யாரைப் போய்க் கேட்கிறது?" என்றார்.

எனக்கு மனசு சுருக்கென்றது. நானும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். மதிப்பெண் இருந்தது. ஆசையும் இருந்தது. விண்ணப்பம் போடக் கடைசித் தேதி உண்டு என்பது தெரியவில்லை. எங்கள் தெருவில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. சொல்ல ஆள் இல்லை. தேதி போன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அம்மாவையும் மகளையும் கீழத்தெருவுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அப்பாவும் கூலி வேலைதான் செய்கிறார்.

அவள் காகிதங்களை எல்லாம் திண்ணையில் பரப்பினாள். மதிப்பெண் பட்டியல் இருந்தது. மாற்றுச் சான்றிதழ் இருந்தது. சாதிச் சான்றிதழ் இருந்தது. வருமானச் சான்றிதழ் பழையது. ஆதாரில் பெயரில் ஓர் எழுத்து மாறி இருந்தது.

"பேர் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உதவித்தொகை நின்னு போச்சு. நீ இப்பவே திருத்திடு" என்றாள்.

பணத்துக்கு என்ன வழி?

பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு இது கிடைக்கும். 1944 முதல் நடந்து வருகிறது. 2021-ல் வந்த விதிப்படி, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழங்குடியினருக்கும் பிற்பட்ட வகுப்பினருக்கும் தனித் திட்டங்கள் உண்டு. விதிகள் மாறலாம். ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில் கல்விக் கடனும் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் வேண்டாம். ஆனால் கடன் கடன்தான். முதலில் உதவித்தொகையைப் பாருங்கள்.

அப்பாவின் கேள்வி

பெண்ணின் அப்பாவுக்கு வேறு கவலை. "பொட்டப் புள்ள தனியா எப்படிப் போகும்?" என்றார்.

"சித்தப்பா, காலையில ஏழரை பஸ். நானும் அதுலதான் போறேன். எங்கூட வரட்டும்" என்றாள் கீழத்தெருப் பெண்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டிக்கெட்டு எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

இதை நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். அவள் அந்தப் பஸ்ஸில் தினமும் போகிறவள். அதனால் கேட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரிக்குப் போனோம். மகள் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றாள். சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்த அம்மா அருகில் போனார். விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். "க...டை...சி நாள்" என்று படித்தார். தேதியையும் படித்தார். இன்னும் நான்கு நாள் இருந்தது.

"டீச்சரம்மா, நேரம் இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

மகளுக்கு இடம் கிடைத்தது. ஏழரை பஸ்ஸில் இப்போது இரண்டு பேர் போகிறார்கள். அடுத்த ஆண்டு நம் தெருப் பிள்ளைகளுக்கு அந்த இருவரும் வழி சொல்வார்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் கல்லூரியில் படிப்பவர் யார்? அவரை மையத்துக்கு அழைக்கலாமா?
2. உங்கள் பிள்ளையின் பெயர் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

படித்து எழுதுங்கள்

விண்ணப்பம். சான்றிதழ். உதவித்தொகை. கடைசி நாள்.